மிதவை மிக்கேல்

பொம்மைக்குள் நின்றவன் பேசுகிறேன்.
மூன்றாவது மிக்கேல் நான்.
முதல் ஆளுக்கு வேர்க்குரு, அடுத்தவன் குவைத்துக்குப் போய்விட்டான்.
வாய் ஓட்டை வழியாகத்தான் ராயபுரத்தைப் பார்ப்பேன்:
கல்மண்டபம் பஸ் ஸ்டாப், அதில் பாதி,
யாரோ ஒருவரின் இடுப்பு,
வயிற்றில் குத்த ஓடிவரும் பிள்ளைகள்.

அவன் பிறந்தது காகிதத்தில்.
துறைமுகத்தில் டைம்கீப்பராக இருந்த கோதண்டராவ்
ஷிப்டு முடிந்து லாரி ரசீதின் பின்பக்கம்
ஒரு வட்டம் போட்டார், வட்டத்துக்கு மீசை வைத்தார்.
சாயங்காலப் பேப்பரில் சனிக்கிழமை தோறும் மூன்று கட்டம்.
ஒன்றில் யாராவது மிக்கேலைக் கடலில் தள்ளுவார்கள்.
அடுத்ததில் குமிழி.
கடைசியில் மேலே வருவான், வாயில் எதையோ கவ்விக்கொண்டு.
ஒரு குடை. ஒற்றைச் செருப்பு.
கஸ்டம்ஸில் காணாமல்போன ஃபைல்.
'முங்குனாலும் பசிக்குதுபா' என்பான்.

காசிமேட்டில் அந்த வரியைக்
கல்யாண வீட்டிலும் சொன்னார்கள்,
எழவு வீட்டிலும் சொன்னார்கள்.

டெரன்ஸ் பாக்கியநாதன் கப்பல் சமையல்காரன்.
கரைக்கு வந்தபோது அவனிடம் இருந்தவை
ஒரு இரும்புத் தட்டு, ஹாம்பர்கர் என்ற சொல்.
சொல்லைப் பலகையில் எழுதினான்.
'ஹாம்னா பன்னிதானே?' என்று கேட்டுவிட்டு பாய் நகர்ந்தார்.
பன்னுக்குள்ள வடை, வடைக்குள்ள மாடு என்று
தெருவில் நின்று விளக்கம் சொன்னான்.
'அப்ப சால்னா எங்க?'
மறுவாரம் கிண்ணத்தில் சால்னா வந்தது.
எங்கள் கம்பெனியின் சரித்திரம் அந்தக் கிண்ணத்தில் தொடங்குகிறது.

பலகையை அழித்து மிக்கேலை வரைந்தான், யாரையும் கேட்காமல்.
திங்கட்கிழமை கோதண்டராவ் வந்து எதிரில் நின்றார்.
சண்டை பார்க்க நாலு பேர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்கள்.
'வலது மீசை நீளம் ஜாஸ்தி'
என்றவர், தானே ஏணியில் ஏறித் திருத்தினார்.
கூலி: ஆயுசுக்கும் தினம் ஒரு பர்கர்.
எழுத்தில் எதுவும் இல்லை.
அவர் சைவம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.
பன்னையும் வெங்காயத்தையும் தின்றுவிட்டு
வடையை மூன்றாம் கேட் நாய்க்குக் கொண்டுபோவார்.

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர்.
கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் பக்கத்திலேயே கடை:
கூட்ஸ் வண்டி நகராத நாட்களில்
வசூலை எண்ண இரண்டு பேர் வேண்டும்.
பதினோரு கிளை.
பன்னிரண்டாவது மவுண்ட் ரோட்டில்.
பாலம் தாண்டியதும் மாடு கோழியானது, சால்னா சாஸானது.
எட்டே மாதம்.

பேப்பர் நின்றுபோன சனிக்கிழமை
மூன்றாவது கட்டத்தில் மூல வைத்திய விளம்பரம்.
தள்ளினார்கள், குமிழி வந்தது, அவ்வளவுதான்.
கோதண்டராவ் இன்னொரு கட்டம் போட்டாரா தெரியாது.
பொம்மைக்குள் வேர்த்துக்கொண்டு நினைப்பேன்:
ஒருவேளை அது நான்தானோ.

பிறகு டெரன்ஸ் கடனில் முங்க,
பெயரை வாங்க ஒரு பெரிய கம்பெனி வந்தது.
படம் யாருடையது என்றார்கள்.
ராவின் மகள் அம்புஜா லாரி ரசீதுகளைக் கொண்டுவந்து காட்டினாள்.
வக்கீல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
'வட்டம்மா இது. வட்டத்துக்கு யார் சொந்தக்காரர்?'
மிக்கேலை ஒல்லியாக்கினார்கள். தொப்பி போட்டார்கள்.
மீசை போனது. நானும் போனேன்.

வியாசர்பாடிக் கிளையில் மட்டும்
பழைய ஃபைபர் சிலை எட்டடி உயரத்தில் நின்றது,
இடிக்கிற செலவை யார் ஏற்பது என்று முடிவாகாமல்.

அந்த டிசம்பர் மழை.
கால்வாய் வீட்டுக்குள் வந்து மூன்றாம் நாள்,
மொட்டைமாடியில் பதினேழு பேர், ஒரு பாக்கெட் ரஸ்க்.
கறுப்புத் தண்ணீரில் அவன் வந்தான்,
மல்லாந்து, தொப்பை மேலே தெரிய, அவசரமே இல்லாமல்.
கரண்டுக் கம்பத்தில் இடித்தான், திரும்பினான்,
எங்கள் சந்தைத் தாண்டிப் போனான்.

யாரோ அந்த வரியைச் சொன்னார்கள்.
எட்டிப் பார்த்தேன்.
வாயில் ஒன்றும் இல்லை.